தாய்வீட்டுப் பெயர் தாங்கிய தோட்டம்

மொரிஸ் டி வோர்ம்ஸ் (1805 – 1867)

கந்தப்பளையிலிருந்து கண்டிக்குப் பஸ்ஸில் போகும் நம்மில் பலருக்கு அந்தப் பாதை மனப்பாடம். நுவரெலியாவைத் தாண்டினால் லபுக்கலை, பிறகு றம்பொடையின் வளைவுகளும் நீர்வீழ்ச்சியும், அதன் பின்னர் புசல்லாவை. புசல்லாவையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு ரொத்சைல்ட் என்று பெயர். நம் ஊர்ப் பக்கத்துக் கோட்லோஜ், கொன்கோடியா, ஹைபொரஸ்ட் ஆகியவற்றைப் போல அதுவும் ஏதோ ஒரு வெள்ளைக்காரத் துரை வைத்த பெயர் என்று எண்ணிக்கொண்டு நாம் கடந்துபோய்விடுகிறோம். ஆனால் அந்தப் பெயர் இங்கிலாந்திலிருந்து வந்ததல்ல. ஜெர்மனியின் பிராங்பேர்ட் நகரில், யூதர்களை அடைத்து வைத்திருந்த ஓர் ஒடுங்கிய தெருவில் இருந்த வீட்டின் பெயர் அது. அந்தப் பெயரை நம் மலைக்குக் கொண்டுவந்தவர்தான் மொரிஸ் பெனடிக்ட் டி வோர்ம்ஸ்.

யூதர் என்ற சொல்லைக் கேட்டதும் இன்று நம் கண்முன் வருவது பலஸ்தீன மக்களின் துயரமே. அந்தத் துயரத்தை மறக்கச் சொல்லி இக்கட்டுரையை எழுதவில்லை. நாம் குடிக்கும் தேநீரின் கதையிலும், நம் முன்னோர் இந்த மலைக்கு வந்த கதையிலும் ஒரு யூதக் குடும்பத்துக்கு இடம் உண்டு. அதை அறிந்துகொள்வது நம் சொந்த வரலாற்றை அறிந்துகொள்வதாகும்.

இலங்கைக்கும் யூதர்களுக்கும் உள்ள தொடர்பு ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கியதல்ல. அதற்குச் சாட்சி சொல்பவர்கள் முஸ்லிம் அறிஞர்களே. பத்தாம் நூற்றாண்டில் அபூ ஸைத் அஸ்ஸீராபி என்பவர், ஸரந்தீபில் யூதர்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள் என்றும், வேறு மதத்தவரும் இருக்கிறார்கள் என்றும், ஒவ்வொரு சாராரும் தம் நெறிப்படி வாழ மன்னன் இடமளிக்கிறான் என்றும் எழுதினார். 1154 ஆம் ஆண்டில் தமது பூகோள நூலை நிறைவுசெய்த அல்-இத்ரீசி, ஸரந்தீப் மன்னனின் அவையில் பதினாறு ஆலோசகர்கள் இருந்ததாகக் குறிப்பிட்டார். அந்நாட்டு மதத்தவர் நால்வர், முஸ்லிம்கள் நால்வர், கிறிஸ்தவர்கள் நால்வர், யூதர்கள் நால்வர் என்பது அவர் தந்த கணக்கு. வணிகக் கப்பல்களோடு வந்த அந்தப் பழைய யூத சமூகம் காலப்போக்கில் மறைந்துபோயிற்று. கொச்சியில் 1568 இல் கட்டப்பட்ட யூத ஆலயம் இன்றும் நிற்கிறது. அதுபோன்ற பழைய ஆலயம் எதுவும் நம் மலைநாட்டில் இல்லை. பிரித்தானியர் காலத்தில் யூதர்கள் இங்கு மறுபடியும் வந்தபோது ஒரு சமூகமாக வரவில்லை. ஒருவர் இருவராகத்தான் வந்தார்கள். அவர்களில் முந்தி வந்தவர்களுள் ஒருவர் மொரிஸ்.

மொரிஸ் 1805 இல் பிராங்பேர்ட்டில் பிறந்தார். அந்த நகரத்து யூதர்கள் பல நூற்றாண்டுகளாக ஒரே ஒரு தெருவிலேயே குடியிருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டிருந்தார்கள். இரவிலும், ஞாயிற்றுக்கிழமைகளிலும், கிறிஸ்தவப் பண்டிகை நாட்களிலும் அத்தெருவின் வாயிற்கதவுகள் பூட்டப்பட்டன. நகரில் ஐந்நூறு யூதக் குடும்பங்களுக்கு மேல் இருக்கக் கூடாது, ஆண்டுக்குப் பன்னிரண்டு திருமணங்களுக்கு மேல் நடக்கக் கூடாது என்றெல்லாம் சட்டம் இருந்தது. வீடுகளுக்கு இலக்கம் இல்லாத பழைய காலத்தில் வாசலில் தொங்கிய அடையாளத்தால்தான் வீட்டை அறிந்தார்கள். சிவப்புக் கேடயம் தொங்கிய ஒரு வீட்டில் வாழ்ந்த குடும்பத்தை ஊரார் அந்தக் கேடயத்தின் பெயராலேயே அழைத்தார்கள். ரொத்சைல்ட் என்றால் ஜெர்மன் மொழியில் சிவப்புக் கேடயம் என்று பொருள்.

அந்தக் குடும்பத்தில் பிறந்த மேயர் அம்செல் ரொத்சைல்ட் பழைய நாணய வியாபாரத்தில் தொடங்கி, ஐரோப்பிய அரசர்களுக்கே கடன் கொடுக்கும் வங்கியாளராக உயர்ந்தார். அவருக்கு ஐந்து ஆண்மக்களும் ஐந்து பெண்மக்களும். மூத்தவர் மகள் ஜெனட். அவர் பெனடிக்ட் வோர்ம்ஸ் என்பவரை மணந்தார். அவர்களுடைய மகன்மாரே சொலமன், கேப்ரியல், மொரிஸ்.

மேயர் அம்செல் 1812 இல் இறந்தபோது ஓர் உயில் எழுதி வைத்திருந்தார். குடும்பத் தொழில் ஐந்து ஆண்மக்களுக்கும் அவர்களுடைய ஆண்வழி வாரிசுகளுக்குமே உரியது. மகள்மாருக்கும், மருமகன்மாருக்கும், அவர்களுடைய பிள்ளைகளுக்கும் அதில் பங்கும் இல்லை, கணக்கைப் பார்க்கும் உரிமையும் இல்லை என்பது அந்த உயிலின் சாரம். பெண்பிள்ளைக்கும் பெற்றோர் விட்டுச்செல்வதில் பங்கு உண்டு என்று சூரத்துன் நிஸாவில் ஓதி வளர்ந்த நமக்கு இது வியப்பாக இருக்கும். தாய்மாமன்மார் ஐவரும் பிராங்பேர்ட், இலண்டன், பாரிஸ், வியன்னா, நேப்பிள்ஸ் என்று ஐந்து நகரங்களில் அமர்ந்து ஐரோப்பாவின் பணத்தை ஆண்டார்கள். மூத்த மகளின் பிள்ளைகளோ அந்த வங்கிக்கு வெளியே நின்று தம் வாழ்க்கையைத் தேடிக்கொள்ள வேண்டியவர்களானார்கள்.

பிறந்த நகரிலும் நிம்மதி இல்லை. பிரெஞ்சுக்காரர் ஆதிக்கத்தில் 1811 இல் பிராங்பேர்ட் யூதர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. நெப்போலியன் வீழ்ந்ததும் அது பறிக்கப்பட்டது. 1819 இல் ஜெர்மனியின் பல நகரங்களில் யூதர்களுக்கு எதிராகக் கலவரம் மூண்டபோது பிராங்பேர்ட்டிலும் யூதர் வீடுகள் தாக்கப்பட்டன. அப்போது மொரிஸுக்குப் பதினான்கு வயது. நம்மில் பலருடைய வயது. அந்நகரத்து யூதர்களுக்கு முழுமையான சமவுரிமை கிடைக்க 1864 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குடியுரிமை கொடுக்கப்படுவதும் பறிக்கப்படுவதும் என்ன என்று 1948 க்குப் பிறகு மலையகத்தில் வாழ்ந்தவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மொரிஸ் இங்கிலாந்துக்குப் போய் இலண்டன் பங்குச் சந்தையில் தொழில் செய்தார். அங்கும் யூதர்களுக்கு எல்லாக் கதவுகளும் திறந்திருக்கவில்லை. அவருடைய தாய்மாமன் மகன் லயனல் ரொத்சைல்ட் தேர்தலில் வென்றும், கிறிஸ்தவ முறையில் சத்தியம் செய்ய மறுத்ததால் 1858 வரை பாராளுமன்றத்தில் அமர முடியவில்லை. ஆயினும் தொழில் செய்யவும் பயணம் போகவும் தடை இருக்கவில்லை. 1841 இல் மொரிஸ் கிழக்கு நாடுகளுக்குப் புறப்பட்டார். சீனா வரை சென்ற அந்தப் பயணம் அவரை இலங்கைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அடுத்த ஆண்டில் அண்ணன் கேப்ரியலும் வந்து சேர்ந்தார்.

அது இலங்கையில் கோப்பி வெறி பிடித்திருந்த காலம். அதற்கும் அவருடைய குடும்பத்துக்கும் ஒரு மறைமுகத் தொடர்பு உண்டு. பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833 இல் நிறைவேறியது. அடிமைகளை இழந்த முதலாளிமாருக்கு அரசாங்கம் 2 கோடி பவுண் நட்டஈடு கொடுத்தது. அதில் 1 கோடி 50 இலட்சத்தை அரசுக்குக் கடனாகத் திரட்டிக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் மொரிஸின் இலண்டன் மாமா நேதன் ரொத்சைல்ட். அடிமைகளுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. விடுதலை பெற்றவர்கள் மேற்கிந்தியத் தோட்டங்களை விட்டு நீங்க, அங்கே கோப்பி விளைச்சல் விழுந்தது. இலண்டன் சந்தைக்கு வேறிடத்துக் கோப்பி தேவைப்பட்டது. எல்லோர் கண்ணும் கண்டி மலைகள் மீது விழுந்தது.

நிலம் மலிவாகக் கிடைத்தது. 1840 இன் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் அரசுடைமை ஆக்கியது. சிங்களக் கிராமத்தவர் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திய நிலம் ஏக்கர் ஐந்து ஷில்லிங் என்று விற்கப்பட்டது. ஆளுநரும் படை அதிகாரிகளும் நீதிபதிகளும்கூடத் தோட்டம் வாங்கினார்கள். வோர்ம்ஸ் சகோதரர்களும் புசல்லாவையில் காடு வாங்கினார்கள். தாம் திறந்த முதற் தோட்டத்துக்குத் தந்தைவழிப் பெயரான வோர்ம்ஸைச் சூட்டவில்லை. ரொத்சைல்ட் என்றே பெயரிட்டார்கள். மகள்வழிப் பிள்ளைகள் என்று வங்கியில் பங்கு மறுக்கப்பட்டவர்கள், தாய் பிறந்த வீட்டின் பெயரை ஒரு மலைக்கு வைத்துவிட்டார்கள். அதே காலத்தில், பேரப்பிள்ளைகளின் பாட்டியான குட்டில் அம்மையார் பிராங்பேர்ட்டின் அந்தப் பழைய யூதத் தெருவை விட்டு வர மறுத்து அங்கேயே வாழ்ந்துகொண்டிருந்தார். மகன்மார் மாளிகைகள் கட்டியும் அவர் அசையவில்லை. 1849 இல் தொண்ணூற்றைந்து வயதில் அங்கேயே கண்மூடினார்.

மொரிஸ் சீனாவிலிருந்து வெறுங்கையோடு வரவில்லை. தேயிலைக் கன்றுகளைக் கொண்டுவந்து ரொத்சைல்ட் தோட்டத்தில் நட்டார். இலங்கையில் தேயிலை நட்டவர்களில் அவரே முதல்வர் என்று சொல்ல முடியாது. 1839 இன் இறுதியில் கல்கத்தாவிலிருந்து அஸ்ஸாம் தேயிலை விதைகள் பேராதனைப் பூங்காவுக்கு வந்துவிட்டன. மறு ஆண்டில் கன்றுகள் நம் நுவரெலியாவுக்கும் அனுப்பப்பட்டன. ஆனால் ஒரு தோட்டக்காரர் தம் சொந்தத் தோட்டத்தில் சீனத் தேயிலையை நட்டு, அதைப் பராமரித்து, இலையைப் பறித்துத் தேயிலைத் தூளாக்கிப் பார்த்தது அங்கேதான். றம்பொடைப் பக்கத்துக் கொண்டகலையிலும் தேயிலை நடப்பட்டது. இலையைப் பக்குவப்படுத்தச் சீனர் ஒருவர் அமர்த்தப்பட்டார்.

செடி செழித்தது. தொழில் செழிக்கவில்லை. இலையை வாட்டவும் உருட்டவும் பக்குவமறிந்த கைகள் இங்கே இருக்கவில்லை. ஒரு இறாத்தல் தூளுக்கு ஆன செலவு எந்தச் சந்தையும் கொடுக்க முடியாத விலையாக இருந்தது. 1845 முதல் 1850 வரை குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், தமது இலங்கை நூலில் புசல்லாவைத் தேயிலையின் வளர்ச்சியைப் பாராட்டினார். ஆனால் கைதேர்ந்தவர்கள் சீனாவிலிருந்து வராமல் பெரிய அளவில் முயல்வது வீண் என்றும் கருதினார். கோப்பி நல்ல இலாபம் தந்துகொண்டிருக்கும்போது தேயிலையைத் தூக்கிச் சுமக்க யாருக்கும் அவசரமில்லை. செடிகள் தோட்டத்து ஓரங்களில் வளர்ந்து நின்றன.

கோப்பியைச் சுமந்தவர்கள் யார்? இங்கேதான் அந்தக் கதை நம் கதையாகிறது. தமிழ்நாட்டின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிமார் திரட்டிய ஏழைகள் கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். தண்ணீர் இல்லாமலும், வாந்திபேதியிலும், காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களுடைய எலும்புகள் மேல்தான் மலையகத்துக்கான பாதை போடப்பட்டது என்று நம் பெரியவர்கள் சொல்வது வெறும் பேச்சு அல்ல. எஞ்சி வந்தவர்கள் புசல்லாவைக் காட்டை ரொத்சைல்ட் தோட்டமாக்கினார்கள். குளிருக்குப் பொருந்தாத உடுப்போடு குழி வெட்டினார்கள், பழம் பறித்தார்கள், மூட்டை தூக்கினார்கள். சுதந்திரமற்ற தெருவில் இருந்து வந்த குடும்பத்தின் தோட்டத்திலும் லயக் காம்பிராக்கள் மற்றத் தோட்டங்களில் இருந்தவை போன்றவையே. அடைபட்டு வாழ்ந்த ஒரு மக்களின் பிள்ளை, அடைபட்டு வாழ்ந்த இன்னொரு மக்களுக்குத் துரையானார். இதை மறைத்து அவருடைய வாழ்க்கையைச் சொன்னால் அது பாதி வாழ்க்கைதான்.

1847 இல் இலண்டனில் பண நெருக்கடி வந்தது. கோப்பி விலை சரிந்தது. கடன் வாங்கித் தோட்டம் போட்ட பலர் ஒரே இரவில் ஓட்டாண்டிகளானார்கள். சில தோட்டங்கள் காடாகவே திரும்பின. அடுத்த ஆண்டு ஆளுநர் டொரிங்டன் விதித்த புதிய வரிகளுக்கு எதிராக மாத்தளையிலும் குருநாகலிலும் கிளர்ச்சி வெடித்தது. வோர்ம்ஸ் சகோதரர்கள் அந்தப் புயலைத் தாண்டி நின்றார்கள். தோட்டத்தை விற்காமல் பெருக்கினார்கள். ரொத்சைல்ட்டோடு சோகம, கொண்டகலை, லபுக்கலை என்று அவர்களுடைய தோட்டங்கள் ஏழாயிரம் ஏக்கரைத் தாண்டின. கால் நூற்றாண்டு உழைப்பின் பின் 1865 இல் அவற்றைச் சிலோன் கம்பெனிக்கு 157,000 பவுணுக்கு விற்றுவிட்டு இங்கிலாந்து திரும்பினார்கள்.

மொரிஸ் அங்கே நெடுநாள் வாழவில்லை. 1867 இல் அறுபத்திரண்டாவது வயதளவில் காலமானார். அந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதே 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1869 இல், கோப்பி இலைகளில் செம்மஞ்சள் நிறப் புள்ளிகள் தோன்றின. அந்தப் பூஞ்சண நோய் சில ஆண்டுகளில் கோப்பியை முற்றாக அழித்தது. மொரிஸ் செலவு கட்டாது என்று ஓரத்தில் விட்டுவைத்த செடிதான் நாட்டைக் காப்பாற்றியது. சிலோன் தேயிலையின் தந்தை என்ற பெயர் டெய்லருக்குப் போயிற்று; அது நியாயமே. வீட்டு விறாந்தையில் இலையை உருட்டிப் பார்த்து, விற்கக்கூடிய தேயிலையைச் செய்து காட்டியவர் அவர். ஆனால் முந்தியவர் தோற்ற இடத்திலிருந்துதான் பிந்தியவர் கற்கிறார்.

கோப்பியிலிருந்து தேயிலைக்கு மாறியது துரைமாரின் கணக்குப் புத்தகத்தை மட்டுமா மாற்றியது? கோப்பிக்கு ஆண்டில் சில மாதங்கள்தான் பெரும் வேலை. ஆண்கள் வந்து உழைத்துவிட்டு ஊருக்குத் திரும்பினார்கள். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடும். வாரம் தவறாமல் கிள்ள வேண்டும். அதற்குப் பெண்கள் வேண்டும், குடும்பங்கள் வேண்டும். இப்படித்தான் வந்துபோனவர்கள் வந்து தங்கியவர்களானார்கள். மலையகம் என்ற சமூகம் பிறந்தது. தோட்டத்துப் பாதையோரங்களில் நம் முஸ்லிம் வியாபாரிகளின் கடைகள் எழுந்ததும், கந்தப்பளை போன்ற சிறு பட்டணங்கள் வளர்ந்ததும் அந்தக் கொழுந்துக் கூடையை நம்பித்தான். தலையில் கயிறு மாட்டி அந்தக் கூடையைத் தாங்கியவர்கள் பெண்கள்.

வோர்ம்ஸ் குடும்பம் இங்கிலாந்தில் உயர்ந்தது. மொரிஸின் அண்ணன் சொலமனின் மகன் ஹென்றி டி வோர்ம்ஸ் பாராளுமன்ற உறுப்பினரானார். ஆங்கிலோ-யூத சங்கத்தின் தலைவராக இருந்து, பிற நாடுகளில் வதைபட்ட யூதர்களுக்காகக் குரல் கொடுத்தார். 1888 முதல் 1892 வரை பிரித்தானியக் குடியேற்ற நாடுகளுக்கான துணை அமைச்சராகவும் பணியாற்றினார். இலங்கை அவருடைய அலுவலகத்தின் கீழ்தான் இருந்தது.

இலங்கையில் மட்டும் அந்தக் குடும்பம் வேர் பிடிக்கவில்லை. பின்னர் வந்த யூதர்களும் தனித்தனியாகவே வந்தார்கள். 1904 இல் சிவில் சேவை அதிகாரியாக வந்து, யாழ்ப்பாணம், கண்டி, அம்பாந்தோட்டை ஆகிய இடங்களில் பணியாற்றி 1911 இல் திரும்பிய லெனார்ட் வூல்ப், சிங்களக் கிராமத்தின் துயரத்தை நாவலாக எழுதினார். பிராங்பேர்ட்டுக்கு அருகிலுள்ள ஹனாவ் நகரில் யூதப் பெற்றோருக்குப் பிறந்த ஒருவர் 1936 இல் இங்கு வந்து ஞானபோனிக்க தேரர் என்ற பௌத்த பிக்குவாகி, கண்டிக் காட்டில் இறுதிவரை வாழ்ந்தார். அவர் பிறந்த மண்ணில் எஞ்சியிருந்த யூதர்களை நாசிகள் 1941 முதல் கூட்டங்கூட்டமாக ஏற்றிச் சென்று கொன்றார்கள். சிவப்புக் கேடயம் தொங்கிய அந்தத் தெரு இன்று பிராங்பேர்ட்டில் இல்லை. அந்த வீட்டின் பெயர் நம் புசல்லாவையில் இருக்கிறது.

ஒரு பெயர் எப்படி நிலைக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறேன். வங்கியில் பங்கு இல்லை என்று ஒதுக்கப்பட்ட ஒரு மகளின் பிள்ளைகள் தாய்வீட்டுப் பெயரைக் காட்டுக்கு வைத்தார்கள். காணி கைமாறியது, கம்பெனி மாறியது, கோப்பி அழிந்தது, ஆட்சி மாறியது, பெயர் மாறவில்லை. ஏனென்றால் அது உறுதியில் எழுதப்பட்டது, வரைபடத்தில் எழுதப்பட்டது, பலகையில் எழுதப்பட்டது. ஆனால் அதே மலையில் முதல் மரத்தை வெட்டிய மனிதரின் பெயர் என்ன? முதல் கூடைக் கொழுந்தை நிறுத்த பெண்ணின் பெயர் என்ன? அவர்களுடைய பெயரை எழுத அன்று யாரும் இருக்கவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் அவர்களைத் தொகையாக மட்டுமே எழுதினார்கள்.

இன்று நமக்கு எழுதத் தெரியும். இந்தச் சஞ்சிகை உங்கள் வீட்டுக்கு வரும்போது உம்மம்மாவிடமும் வாப்பும்மாவிடமும், பக்கத்து லயத்துப் பாட்டியிடமும் கேளுங்கள். அவர்களுடைய தாய் யார், அந்தத் தாயின் தாய் யார், எந்த ஊரிலிருந்து எந்த வழியாக வந்தார்கள் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த முறை பஸ் புசல்லாவையைக் கடக்கும்போது ரொத்சைல்ட் என்ற பெயரைப் பாருங்கள். அது ஒரு தாயின் வீட்டுப் பெயர். நம் தாய்மாரின் பெயர்களையும் அப்படி நிலைநிறுத்தும் பொறுப்பை அல்லாஹ் நம் கைகளில் தந்திருக்கிறான்.